ஓல்ட் கோஸ்ட் ரோடு: மலைமுகட்டில் 85 கிலோமீட்டர் சைக்கிள் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி

நியூசிலாந்தின் தென் தீவில், மேற்குக் கடற்கரைப் பக்கம், லயல் என்ற இடத்தில் தொடங்கி செடன்வில்லில் முடிகிறது ஓல்ட் கோஸ்ட் ரோடு (Old Ghost Road). பெயரில்தான் ரோடு. உண்மையில் காடு, மொட்டைமுகடு, பள்ளத்தாக்கு, ஆற்று மலையிடுக்கு எல்லாவற்றையும் கடக்கும் 85 கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை. 19-ம் நூற்றாண்டில் தங்கம் தேடி வந்தவர்கள் இரு முனைகளிலிருந்தும் பாதை போட்டுக்கொண்டு வந்தார்கள். தங்கம் தீர்ந்தது, நடுவில் இரண்டும் சேரவே இல்லை. அந்த இடைவெளியை மோக்கிஹினுயி–லயல் பேக்கன்ட்ரி டிரஸ்ட் வெட்டி இணைத்து, 2015-ல் முழுப் பாதையும் திறந்தது.

இந்தக் கதையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழைய சுரங்கத்தார் போட்ட இரு முனைகளும் வண்டி ஏறுகிற அளவுக்குச் சாய்வு குறைந்தவை. புதிதாக வெட்டிய நடுப்பகுதிதான் செங்குத்து, கல், வளைவு, படிக்கட்டு எல்லாம். அதாவது, எளிதான பகுதிகள் சாலைக்குப் பக்கத்திலும், கடினமான பகுதி சாலையிலிருந்து மிகத் தொலைவிலும் இருக்கின்றன. முதல் நாள் ஏற்றத்தில் "இவ்வளவுதானா" என்று தோன்றும். அந்த நினைப்போடு முகட்டைத் தாண்டி இறங்கியவர்கள்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

பாதையின் கணக்கு

தெற்கிலிருந்து வடக்காக, லயலில் தொடங்கி செடன்வில்லுக்குப் போவதே வழக்கம். எதிர்த்திசையிலும் போகலாம், தடையில்லை. ஆனால் முகட்டுக்கு அந்தப்புறச் சரிவில் சைக்கிளைத் தள்ளியும் தூக்கியும் ஏற வேண்டியிருக்கும். முதல்முறை போகிறவர்கள் அதை விட்டுவிடலாம்.

- லயல் – லயல் சாடில் குடில்: 18 கி.மீ. 700 மீட்டருக்கு மேல் ஏற்றம். சுமையோடு 3 முதல் 4 மணி நேரம்.
- லயல் சாடில் – கோஸ்ட் லேக் குடில்: 12 கி.மீ. மரங்கள் முடிந்து வெட்டவெளிக்கு வரும் பகுதி. 2 முதல் 3 மணி நேரம்.
- கோஸ்ட் லேக் – ஸ்டெர்ன் வேலி குடில்: 13 கி.மீ. முகடு, படிக்கட்டு, நீண்ட இறக்கம். 2 முதல் 3 மணி நேரம்.
- ஸ்டெர்ன் வேலி – ஸ்பெசிமன் பாயின்ட் குடில்: 25 கி.மீ. 4 முதல் 5 மணி நேரம்.
- ஸ்பெசிமன் பாயின்ட் – செடன்வில்: 17 கி.மீ. 2 முதல் 3 மணி நேரம்.

நேரங்கள் நடுத்தர வேகத்துக்கானவை. படம் எடுக்க, சாப்பிட, பஞ்சர் ஒட்ட ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். நல்ல உடல்வலு உள்ளவர்கள் ஒரே நாளில் முடிக்கிறார்கள். அவர்களைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள்.

எத்தனை நாள்?

முதல்முறைக்கு மூன்று நாள். முதல் இரவு கோஸ்ட் லேக், இரண்டாம் இரவு ஸ்பெசிமன் பாயின்ட். நாட்கணக்கில் 30, 38, 17 கிலோமீட்டர். மூன்றாம் நாள் குறைவாக இருக்கிறதே என்று தோன்றும். அது வேண்டுமென்றே விட்டது. கடைசிப் பகுதி ஆற்றுக்கு மேலே விளிம்பில் போகும் பாதை. களைத்த கை கால்களோடு மாலை வெளிச்சத்தில் அதில் ஓட்டக் கூடாது.

இரண்டு நாளில் முடிப்பவர்கள் ஸ்டெர்ன் வேலியில் தங்குவார்கள். 43, 42 என்று பாதை கிட்டத்தட்ட பாதியாகப் பிரியும். இதில் ஒரு வசதியும் உண்டு: அடுத்த சில மணி நேரத்துக்கான வானிலை முன்னறிவிப்பு நம்பகமானது, முகட்டை முதல் நாளே தாண்டிவிடலாம். ஆனால் லயலில் காலை ஏழு மணிக்கே சக்கரம் உருள வேண்டும். சுமையோடு ஒரே நாளில் ஏழெட்டு மணி நேரம் ஏறி இறங்கிய பழக்கம் இல்லாதவர்களுக்கு இது சரிவராது.

குடில்களை டிரஸ்டின் இணையதளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். இயற்கைப் பாதுகாப்புத் துறையின் பொதுக் குடில் பாஸ் இந்த நான்கு குடில்களுக்குச் செல்லாது. இதைத் தெரியாமல் பாஸ் வாங்கி வருகிறவர்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு. கோஸ்ட் லேக் இடம்தான் முதலில் தீரும். எனவே அங்கே எந்தத் தேதி கிடைக்கிறதோ அதை முதலில் பிடித்து, மற்றவற்றை அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள். இடையில் கோட் க்ரீக், மோக்கிஹினுயி ஃபோர்க்ஸ் என்று பழைய சிறு குடில்கள் உண்டு. அவசரத்துக்கு ஒதுங்கலாம்; அவற்றை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

பருவமும் வானிலையும்

நவம்பர் முதல் ஏப்ரல் வரை. டிசம்பர், ஜனவரியில் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் வானிலை ஓரளவு நிலைத்திருக்கும். பகல் இன்னும் நீளம்தான். ஏப்ரல் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அதன் பிறகு மாலை ஆறு மணி வாக்கில் இருட்டத் தொடங்கும். ஏப்ரலில் போகிறவர்களுக்கு ஹெட்லைட் கட்டாயம்.

மேற்கே டாஸ்மன் கடல். அங்கிருந்து வரும் ஈரக்காற்று முதலில் முட்டுவது இந்த மலைகளில்தான். வடமேற்குக் காற்று மழையைக் கொட்டும். அதன் பின்னால் தென்மேற்குக் காற்று குளிரைக் கொண்டுவரும். நனைவது முதலில், குளிர்வது பிறகு. இந்த வரிசைதான் ஆபத்து. லயலில் 18 டிகிரி என்றால் கோஸ்ட் லேக்கில், 1,200 மீட்டர் உயரத்தில், 11 டிகிரி வாக்கில் இருக்கும். நனைந்த சட்டையோடு காற்றில் நின்றால் உடலுக்கு அது பூஜ்யம்தான். கோடையிலும் இங்கே உடல் விறைத்துப்போக முடியும்.

நியூசிலாந்தின் வானிலை அமைப்பான மெட்சர்வீஸின் புல்லர் பகுதி அறிவிப்பைக் கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே பாருங்கள். வெஸ்ட்போர்ட் ஊருக்கான அறிவிப்பு மட்டும் போதாது. அது கடல் மட்டத்துக்கானது. கனமழை எச்சரிக்கை இருந்தால் தள்ளிப்போடுங்கள். முகட்டில் வேகக் காற்று மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டும் என்றால் ஓட்ட முடியாது. தள்ளிக்கொண்டு நடப்பதே பாடாக இருக்கும். 29 அங்குலச் சக்கரம் பக்கக் காற்றுக்குப் பாய்மரம் மாதிரி. மழை விட்ட மறுநாளும் கவனம் தேவை: 1929-ன் மர்ச்சிசன் நிலநடுக்கமும் 1968-ன் இனங்கஹுவா நிலநடுக்கமும் உலுக்கிய சரிவுகள் இவை. லயல் ஏற்றத்திலேயே பெரிய மண்சரிவுத் தழும்புகளைக் குறுக்கே கடப்பீர்கள். பலத்த மழைக்குப் பின் பாதை மூடப்பட்டிருக்கலாம். டிரஸ்டின் அறிவிப்பைப் பார்க்காமல் வண்டியில் சைக்கிளை ஏற்றாதீர்கள்.

திட்டத்தில் கையிருப்பாக ஒரு நாள் விடுங்கள். விமான டிக்கெட்டை பயணம் முடிகிற மறுநாளுக்கே போட்டுவிட்டு, அதற்காகக் கெட்ட வானிலையில் முகட்டுக்கு ஏறுவதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை.

கோஸ்ட் லேக் கடைசி வாசல்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கோஸ்ட் லேக் குடில் வரை எது நடந்தாலும் திரும்பலாம். 30 கிலோமீட்டர், பெரும்பாலும் இறக்கம். ஒரு பிரேக் வேலை செய்யவில்லை என்றாலும், கியர் உடைந்தாலும், வயிறு கெட்டாலும் மெல்ல லயலுக்கு வந்துவிட முடியும். அங்கிருந்து ஸ்டெர்ன் வேலிக்கு இறங்கிவிட்டால் நிலைமை தலைகீழ். பின்னால் போவதென்றால் படிக்கட்டிலும் முகட்டிலும் ஏற வேண்டும். முன்னால் போவதென்றால் போன்யார்ட் என்ற பாறைக் குவியல் வழியாக சாலம் சாடில் என்ற கணவாய்க்கு ஏற வேண்டும். இரு பக்கமும் ஏற்றம். பக்கவாட்டில் வெளியேற வழி கிடையாது. ஸ்டெர்ன் வேலி அழகான இடம், வசதியான குடில். ஆனால் கிணற்றுக்குள் இறங்கியது போலத்தான்.

எனவே கோஸ்ட் லேக்கில் விடிந்ததும் உட்கார்ந்து இவற்றைப் பாருங்கள்.

முதலாவது வானம். மேற்கில் மேகம் தாழ்ந்து வருகிறதா, காற்று இரவைவிடக் கூடியிருக்கிறதா. குடிலிலிருந்தே எதிர்முகடு தெரியும். அது மேகத்தில் மறைந்திருந்தால் இரண்டு மணி நேரம் பொறுங்கள். பொறுத்தும் தெளியவில்லை என்றால் திரும்புங்கள்.

இரண்டாவது பிரேக். பேடைக் கழற்றிப் பாருங்கள், வெளியிலிருந்து எட்டிப் பார்ப்பது போதாது. தேயும் பகுதி 1 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால் புதியதை மாட்டுங்கள்.

மூன்றாவது உடம்பு. குழுவில் யார் முதல் நாள் மிகவும் பின்தங்கினாரோ அவரைத்தான் கேட்க வேண்டும். அவர் "சமாளித்துவிடுவேன்" என்று சொன்னால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நேற்று 30 கிலோமீட்டருக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்திருந்தால் இன்றைய 38 கிலோமீட்டர் பகலில் முடியாது.

மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும் வந்த வழியே இறங்குங்கள். அதனால்தான் திரும்பி வருவதற்கான வண்டி ஏற்பாட்டையும் முன்பே யோசித்து வைக்கச் சொல்கிறோம். லயலிலிருந்து வெஸ்ட்போர்ட் சுமார் 60 கிலோமீட்டர். லயலில் கடையோ பெட்ரோல் நிலையமோ இல்லை.

வண்டி ஏற்பாடு

காரை லயலில் விடாதீர்கள். செடன்வில்லில் விட்டுவிட்டு, ஷட்டில் வண்டியில் லயலுக்குப் போங்கள். கடைசி நாள் தாமதமானாலும் உங்கள் கார் காத்திருக்கும். வண்டிக்காரரின் நேரத்துக்காக விளிம்புப் பாதையில் அவசரப்பட வேண்டியதில்லை. ஷட்டில்காரர்கள் வெஸ்ட்போர்ட்டில் இருக்கிறார்கள். காரை நகர்த்தித் தரும் சேவையும் உண்டு. மளிகை, பெட்ரோல் எல்லாம் வெஸ்ட்போர்ட்டிலோ மர்ச்சிசனிலோ முடித்துவிடுங்கள். கார் சாவி எங்கே இருக்கும் என்பது குழுவில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சைக்கிள்

முன்னும் பின்னும் 120 முதல் 150 மி.மீ. சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள் பொருத்தம். முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ளதிலும் போகலாம், முதுகு அதற்கு விலை கொடுக்கும். கியர் முன்னால் 30 பல், பின்னால் 50 அல்லது அதற்கு மேல். 18 கிலோமீட்டர் ஏற்றத்தின் சராசரிச் சாய்வு 4 சதவீதம்தான் என்றாலும், சுமையோடு ஈரக் கல்லில் ஏறும்போது சிறிய கியர் இல்லையென்றால் முழங்கால் பேசும்.

டயர் 2.3 அல்லது 2.4 அங்குலம், ட்யூப்லெஸ், பக்கச்சுவர் தடித்த வகை. இங்கே பஞ்சர் பெரும்பாலும் முள்ளால் வருவதில்லை. கூரான கல் பக்கச்சுவரைக் கிழிப்பதால் வருகிறது. டயருக்குள் ஊற்றும் சீலன்ட் சிறு துளையை அடைக்கும், கிழிசலை அடைக்காது. 70 கிலோ எடையுள்ளவருக்கு முன்னால் 22, பின்னால் 25 பிஎஸ்ஐ காற்றழுத்தம். பை சுமை இருந்தால் பின்னால் இரண்டு கூட்டுங்கள். சீலன்ட் போட்டு மூன்று மாதம் ஆகியிருந்தால் காய்ந்திருக்கும். கிளம்புவதற்கு முந்தைய வாரம் புதிதாக டயருக்கு 100 மில்லி ஊற்றுங்கள்.

பிரேக் பேட் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. ரெசின் பேட் காய்ந்த தரையில் சத்தமில்லாமல் நன்றாகப் பிடிக்கும். ஆனால் மழையில் கல்மண் குழம்பு அதில் படிந்தால் உப்புத்தாள் மாதிரி தேய்த்துத் தின்றுவிடும். ஒரே நனைந்த நாளில் புதிய ரெசின் பேட் தீர்ந்துபோவது இங்கே அபூர்வமில்லை. மெட்டல் பேட் போடுங்கள், மாற்றாக இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் டிஸ்க்கில் ரெசின் மட்டும் என்று பொறித்திருந்தால் மெட்டல் போடக் கூடாது. டிஸ்க்கையும் மாற்ற வேண்டும். புதிய பேடை மாட்டியதும் தட்டையான இடத்தில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்திலிருந்து, சக்கரம் பூட்டாதபடி, இருபது முறை மெல்ல நிறுத்திப் பழக்குங்கள். இதைச் செய்யாமல் முதல் இறக்கத்தில் இறங்கினால் பேடின் மேற்பரப்பு கண்ணாடி போல வழுவழுத்துப் பிடிக்காமல் போகும்.

வாடகை சைக்கிள் என்றால் கடையிலேயே முன் பிரேக் எந்தக் கையில் இருக்கிறது என்று பாருங்கள். இந்தியாவில் வலது கைப் பழக்கத்தில் வருகிறவர்கள், இடது கையில் முன் பிரேக் உள்ள சைக்கிளில் ஏறினால் முதல் செங்குத்தில் குட்டிக்கரணம் அடிப்பார்கள். மாற்றித் தரச் சொல்லுங்கள்.

பெடலில் எங்கள் பரிந்துரை தட்டையான வகை. பெடலில் பூட்டிக்கொள்ளும் கிளிப் ஷூவின் கெட்டியான அடிப்பாகம் நனைந்த மரப்படியில் வழுக்கும். இந்தப் பாதையில் நடக்க வேண்டிய இடங்கள் நிறைய.

சுமையும் பையும்

முதுகில் 5 கிலோவுக்கு மேல் வேண்டாம். மீதியைச் சைக்கிளில் கட்டுங்கள்: தூங்கும் பை, துணி போன்ற இலேசான பொருள்கள் ஹேண்டில்பாரில், கருவி, உணவு போன்ற கனமானவை சட்டத்துக்குள் இருக்கும் பையில். பின்னால் சீட்டுக்கடியில் தொங்கும் பைதான் அதிகம் பிரச்சினை தரும். கல்லில் குதிக்கும்போது சஸ்பென்ஷன் அமுங்கி, டயர் பையை உரசி, பை கிழியும். சில நேரம் சக்கரம் பூட்டிக்கொள்ளும். வீட்டிலேயே சோதியுங்கள்: பின் ஷாக்கின் காற்றை முழுவதும் இறக்கி, சீட்டை முழுவதும் தாழ்த்தி, அதன்மேல் உட்கார்ந்து அமுக்குங்கள். அப்போதும் டயருக்கும் பைக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பை வேண்டாம். சுமை கட்டியபின் ஷாக்கில் காற்றைக் கூட்ட மறக்காதீர்கள்.

குடில்களில் கட்டில், மெத்தை, சமையல் கேஸ், பாத்திரம், மழைநீர்த் தொட்டி இருக்கும். எனவே கூடாரமும் அடுப்பும் தேவையில்லை. தூங்கும் பை நீங்கள் கொண்டுபோக வேண்டும்.

உடையில் பருத்தி ஒன்றுகூட வேண்டாம். நனைந்தால் காயாது, உடல் சூட்டை உறிஞ்சும். ஓட்டுவதற்கு ஒரு ஜோடி, குடிலில் போட ஒரு காய்ந்த ஜோடி. அந்தக் காய்ந்த ஜோடியைத் தண்ணீர் புகாத பையில் கட்டி, எவ்வளவு குளிரினாலும் பகலில் எடுக்காதீர்கள். மழைக்கோட்டு, கம்பளித் தொப்பி, முழு விரல் கையுறை இரண்டு ஜோடி. விரல் விறைத்தால் பிரேக் பிடிக்க முடியாது. கையுறை இங்கே பிரேக்கின் ஒரு பாகம்.

கருவிப் பை

செயின் வெட்டியோடு கூடிய மல்டிடூல், உங்கள் செயினுக்குப் பொருந்தும் குயிக் லிங்க் இரண்டு (12 கியர் செயினுக்கு 11 கியர் லிங்க் பொருந்தாது), உங்கள் சைக்கிளுக்கே உரிய டிரெயிலியர் ஹேங்கர் (செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் டிரெயிலியரைச் சட்டத்தோடு பிணைக்கும் சிறு உலோகத் துண்டு), டயர் துளையில் செருகும் ரப்பர் திரி ஆறு, ஒரு ட்யூப், கிழிந்த பக்கச்சுவருக்கு உள்ளே வைக்கப் பழைய டயரில் வெட்டிய துண்டு, சீலன்ட் 60 மில்லி, கை பம்பு, ஷாக் பம்பு குழுவுக்கு ஒன்று, செயின் எண்ணெய், ஈரத்துக்கான வகை, பிளாஸ்டிக் டை பத்து, ஒட்டுநாடா இரண்டு மீட்டர், பம்பைச் சுற்றி.

இவற்றில் ஹேங்கர்தான் பெரும்பாலும் மறக்கப்படுவது. சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்து கல்லில் விழுந்தால் முதலில் வளைவது அது. வளைந்ததைக் கவனிக்காமல் பெரிய பல்லுக்கு மாற்றினால் டிரெயிலியர் சக்கரக் கம்பிகளுக்குள் போய், டிரெயிலியர், கம்பி, செயின் மூன்றும் ஒரே நொடியில் போய்விடும். விழுந்த ஒவ்வொரு முறையும் எழுந்து, துணியைத் தட்டுவதற்கு முன், பின்னாலிருந்து ஹேங்கர் நேராக இருக்கிறதா என்று பாருங்கள்.

உணவும் எல்லைச் சோதனையும்

ஓட்டும்போது மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து, அரை முதல் முக்கால் லிட்டர் தண்ணீர். ஜெல் வாங்கிக் குவிக்கத் தேவையில்லை. 100 கிராம் கடலைமிட்டாயில் 500 கலோரி வாக்கில் இருக்கிறது, குளிரில் கல்லாவதும் இல்லை. பேரீச்சை, அவல், சத்துமாவு எல்லாம் கனத்துக்கேற்ற பலன் தருபவை. இரவுக்கு வறுத்த ரவையில் தாளிப்பைக் கலந்து கொண்டுபோனால், ஆளுக்கு 100 கிராம் ரவை, 300 மில்லி கொதிநீர், உப்புமா பத்து நிமிடத்தில் தயார். திட்டமிட்ட நாட்களுக்கு மேல் ஒரு வேளை உணவு கூடுதலாக இருக்கட்டும். மழையில் குடிலில் மாட்டிக்கொண்டால் அதுதான் துணை. தண்ணீர் இரண்டு லிட்டர் கொள்ளளவு போதும், ஒவ்வொரு குடிலிலும் நிரப்பிக்கொள்ளலாம். வயிறு எளிதில் கெடுபவர்கள் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கவனிக்க: நியூசிலாந்து எல்லையில் உணவுப் பொருள் எதையும் படிவத்தில் சொல்லாமல் கொண்டுபோனால் அங்கேயே 400 டாலர் அபராதம். இட்லிப்பொடியாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள். கறிவேப்பிலை, பச்சை மிளகாய், பழம் எடுத்துப் போகவே வேண்டாம். ஓட்டிப் பழகிய சைக்கிள், ஷூ, ஹெல்மெட் ஆகியவற்றையும் சொல்ல வேண்டும். டயர்ப் பள்ளத்தில், ஷூவின் அடியில் துளி மண் இருந்தாலும் நிறுத்திவைத்துக் கழுவச் சொல்வார்கள். வீட்டிலேயே பல்துலக்கும் பிரஷ் வைத்துத் தேய்த்து, காயவைத்துப் பெட்டியில் போடுங்கள். ஈரமாகவும் இருக்கக் கூடாது.

ஓட்டும்போது, பகுதி பகுதியாக

லயல் ஏற்றத்தில் பேசிக்கொண்டே போகிற வேகத்தில் போங்கள். மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால் வேகம் அதிகம். லயல் சாடிலுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டதென்றால் அங்கேயே கணக்கை மாற்ற வேண்டும்: இன்னும் மூன்று மணி நேர வெட்டவெளி பாக்கி இருக்கிறது.

முகட்டில் பாதை சில இடங்களில் ஹேண்டில்பார் அகலம்தான். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் சரிவு. பார்வை எங்கே போகிறதோ சக்கரமும் அங்கே போகும், பள்ளத்தைப் பார்க்காதீர்கள். மலைப்பக்கத்துப் பெடல் பாறையில் தட்டினால் சைக்கிள் பள்ளத்தின் பக்கம் தள்ளப்படும்; குறுகிய இடங்களில் பெடலை மிதிக்காமல், மலைப்பக்கப் பெடலை மேலே வைத்து உருளவிடுங்கள். இறங்க வேண்டுமென்றால் எப்போதும் மலைப்பக்கமாகக் காலை ஊன்றுங்கள்.

ஸ்கைலைன் முகட்டின் முடிவில் படிக்கட்டு. முந்நூறு படி வாக்கில். ஓட்ட முயல வேண்டாம். சைக்கிளை வெளிப்பக்கம் வைத்து, நீங்கள் மலைப்பக்கம் நின்று, இரு பிரேக்கையும் பிடித்து விட்டு இறக்குங்கள். பின்பையும் முன்பையும் ஏற்றிய சைக்கிள் 18 கிலோவைத் தாண்டும். ஆள்களுக்கிடையில் பத்துப் படி இடைவெளி விடுங்கள், ஒருவர் வழுக்கினால் கீழே இருப்பவர் மேல் விழாமலிருக்க. அதன் பிறகு காட்டுக்குள் நீண்ட இறக்கம். பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டே போனால் எண்ணெய் சூடாகி நெம்புகோல் தளரும். வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து, வளைவில் விட்டுவிடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று முன்கையை உதறுங்கள்.

ஸ்டெர்ன் வேலிக்குப் பின் வரும் போன்யார்ட், உடைந்த பாறைக் குவியலின் ஊடே வளைந்து ஏறுவது. இறங்கித் தள்ளுவதில் வெட்கமில்லை. நடுப்பகல் வெயிலில் பாறை சூடாகியிருக்கும், தண்ணீரைக் குடிலிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். சாலம் சாடிலைத் தாண்டியதும் கோட் க்ரீக் வரை நல்ல இறக்கம், பிறகு ஆற்றை ஒட்டிய காடு.

தொங்குபாலங்களில் ஒரு நேரத்தில் ஒருவர். அகலமான ஹேண்டில்பார் பக்கக் கம்பிக்குள் நுழையாது. சைக்கிளைப் பின்சக்கரத்தில் நிமிர்த்தி, முன்சக்கரம் மேலே இருக்கும்படி உருட்டிக்கொண்டு போங்கள்.

கடைசி 17 கிலோமீட்டர் மோக்கிஹினுயி ஆற்றின் மலையிடுக்கு. சாய்வு அதிகமில்லை, அதனால்தான் கவனம் தளரும். பாறையில் வெட்டிய பழைய பாதை, கீழே ஆறு. இறங்கி நடக்கச் சொல்லும் பலகை வந்தால் இறங்கி நடங்கள். எதிரே நடைபயணிகள் வருவார்கள். அவர்களுக்கு வழிவிட்டு நிற்க வேண்டியவர் சைக்கிள்காரர்.

பூச்சியும் பறவையும்

சாண்ட்ஃப்ளை என்ற சின்னப் பூச்சி லயலிலேயே வரவேற்கும். நீங்கள் நகர்ந்துகொண்டிருக்கும்வரை கடிக்காது, நின்றால் மொய்க்கும். பஞ்சர் ஒட்டும் நேரம்தான் அதற்குப் பந்தி. டீட் அல்லது பிக்காரிடின் கலந்த களிம்பைக் கணுக்காலில் தடவுங்கள். கோடையின் பிற்பகுதியில் பீச் மரக்காட்டில் குளவிகள் அதிகம். ஒவ்வாமை உள்ளவர்கள் மருந்தில்லாமல் வரக் கூடாது. வேகா என்ற பறக்காத பறவை பளபளப்பானதைத் தூக்கிக்கொண்டு ஓடும். கழற்றிய போல்ட்டைத் தரையில் வைக்காதீர்கள். உயரத்தில் கியா கிளி சீட்டையும் கையுறையையும் கிழிக்கும். இரவில் எல்லாம் குடிலுக்குள்.

அடிபட்டால்

பாதையின் பெரும்பகுதியில் போன் சிக்னல் கிடையாது. 406 மெகாஹெர்ட்ஸ் பிஎல்பி கருவியை (அவசரத்தில் நீங்கள் இருக்கும் இடத்தை அறிவிக்கும் கருவி) வாடகைக்கு எடுங்கள். அழுத்தினால் தகவல் நியூசிலாந்தின் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்குப் போகும். அழுத்தியபின் இடத்தை விட்டு நகராதீர்கள், ஆன்டெனா வானத்தைப் பார்க்கட்டும், அணைக்காதீர்கள். கருவி குழுவின் கடைசியில் வருகிறவரிடம் இருக்க வேண்டும்; முன்னால் பறப்பவரிடம் இருந்தால் பின்னால் விழுந்தவருக்குப் பயனில்லை. வெளியில் ஒருவரிடம் உங்கள் தேதிகள், குடில்கள், எத்தனை மணிக்கு மேல் தகவல் இல்லையென்றால் 111 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும் என்பதை எழுதிக் கொடுங்கள்.

விபத்துக் காயத்துக்கான சிகிச்சைச் செலவில் ஏசிசி என்ற அரசு ஏற்பாடு வெளிநாட்டவருக்கும் உதவும். காய்ச்சல், நெஞ்சுவலி போன்ற நோய்களுக்கும், ஊர் திரும்பும் விமானச் செலவுக்கும் உதவாது. பயணக் காப்பீடு எடுக்கும்போது மலைச் சைக்கிள் அதில் அடக்கமா என்று வரி வரியாகப் படியுங்கள். பலவற்றில் விலக்கு என்று எழுதியிருக்கும்.

முன்பயிற்சி

எட்டு வாரம். வாரம் மூன்று நாள், அதில் ஒன்று நீண்டது. கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பு, முழுச் சுமையோடு அடுத்தடுத்து இரண்டு நாள், நாளுக்கு 1,000 மீட்டர் ஏற்றம் ஏறிப் பாருங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் அதற்கு நல்ல இடம். தார்ச்சாலை என்பதால் வனத்துறை அனுமதிச் சிக்கல் இல்லை. சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு புக்கிட் தீமா 163 மீட்டர்தான். ஏறி இறங்கி ஏறி இறங்கி எண்ண வேண்டியதுதான். ஏற்றத்துக்கான வலு சாலையில் வரும், இறக்கத்துக்கான கை வலு வராது. அதற்குத் தொங்கும் கம்பியில் பிடித்துத் தொங்குவதும், கல்தரையில் நின்றபடி ஓட்டிப் பழகுவதும் உதவும். இரண்டாம் நாள் காலையில் சீட்டில் உட்கார முடிகிறதா என்பதுதான் இந்தப் பயிற்சியில் தெரிய வேண்டியது. முடியவில்லையென்றால் சீட்டையோ கால்சட்டையையோ இப்போதே மாற்றுங்கள். புதியதைப் பயணத்தன்று முதல்முறையாகப் போடாதீர்கள்.